திரும்பி வரும் விமானத்துக்கான சாப்பாடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குசினியில் நான் வேலை செய்தேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற குசினி. ஸ்காபரோவிலிருந்து எங்களைப் போல நாலைந்து பெண்களை ஒரு தமிழ் அண்ணை தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலை வழியே போவார். போய் இறங்கினால் ஜன்னலே இல்லாத கட்டடம். வெளியில் பனி கொட்டுகிறதா வெயில் எறிக்கிறதா என்று பின்னேரம் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். உள்ளேயும் குளிர்தான். தடித்த ஜாக்கெட் போட்டு, தலைக்கு வலை மாட்டி, நகரும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று, தட்டுகளில் பாணும் பட்டரும் சலாட்டும் வைத்துக்கொண்டிருப்போம்.

மாரி காலத்தில் எங்களுக்கு வேலை கூட. கனடாக்காரர் குளிருக்குத் தப்பிக் கரீபியன் தீவுகளுக்குப் போகிற காலம் அது. விமானம், ஹொட்டேல், மூன்று நேரச் சாப்பாடு, குடி எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டி விற்கும் சுற்றுலாக் கொம்பனிகள், ரூர் கொம்பனிகள் என்போம், இருந்தன. அவற்றின் விமானங்களில் ஒன்று வாராவாரம் ஒரு சின்னத் தீவுக்குப் போகும். அதற்கு மட்டும் நாங்கள் இரண்டு தரம் சாப்பாடு கட்டுவோம். போகும்போது சாப்பிட ஒன்று. ஆட்களை இறக்கிவிட்டு, முந்தின கிழமை போனவர்களை ஏற்றிக்கொண்டு அதே விமானம் திரும்பும்போது சாப்பிட இன்னொன்று. இரண்டாவதை உலர்பனி வைத்த வண்டிகளில் பூட்டி அனுப்புவோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. ஒரு கோழித்துண்டைப் பொரித்து ஏற்றிவிட அந்தத் தீவில் ஒருவரும் இல்லையா என்று கேட்டேன். பெல்ட்டின் மறுபக்கம் நின்ற பெண் தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"நான் இருந்தனான். என்னை இஞ்ச கூப்பிட்டிட்டினம்."

அவர் அந்தத் தீவுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பிள்ளைகள் இல்லாதவர், அந்தக் குசினியில் மிகவும் பழைய ஆட்களில் ஒருவர். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் பேச்சில்தான் பேசுகிறார். அதை மாற்ற எனக்கு வரவில்லை.

என்னோடு வான் வண்டியில் வந்த பெண்கள் அவரைத் தீவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆட்களை அப்படித்தான் சொல்வது. நான் அதை விளக்கிச் சொன்னபோது அவரும் சிரித்தார். தன் தீவைக் காரில் முழுதாகச் சுற்றிவர எங்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளை காணும் என்றார்.

ஒரு காலத்தில் தீவு முழுதும் கரும்பு. பிறகு கரும்பை வாங்குவதற்கு ஆள் இல்லை. அந்த இடத்துக்குத்தான் ஹொட்டேல் வந்தது. வெளிநாட்டுக்காரரின் பெரிய ஹொட்டேல். அதற்குப் பிறகு, தோட்டம் செய்தவன் தோட்டத்தை விட்டான், கடலுக்குப் போனவன் கடலை விட்டான். அவருடைய தம்பி வள்ளத்தை விற்று ரக்ஸிக் கார் வாங்கினார். தங்கை ஹொட்டேலில் அறை துப்புரவாக்கினார். ஹொட்டேலுக்கு வேண்டிய தக்காளியும் முட்டையும் மீனும்கூட மயாமியிலிருந்து கப்பலில் வந்தன. மீனுமா என்று நான் கேட்டேன். ஓம், மீனும் என்றார். சொல்லும்போது அவர் பாண் வைக்கிற வேகம் கூடிவிடும், நான் பின்தங்கிப்போவேன்.

இவ்வளவு கோபம் இருந்தும் அவருடைய கனவு அந்த ஹொட்டேலை ஒட்டியே இருந்தது. தாயின் வீடு கடற்கரையில், ஹொட்டேலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. வேலையை விட்டு ஊருக்குப் போய், அந்த வீட்டு முன்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை போடுவது, மேலே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுவது. ஹொட்டேல் சாப்பாடு அலுத்தவர்கள் மணலில் நடந்து வந்து நண்டும் மீனும் சாப்பிடுவார்கள். பல வருடமாக இதற்காகவே ஓவர்டைம் செய்தார்.

ஒரு ஞாயிறு எங்கள் தொடர்மாடி வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது இந்தத் திட்டத்தை என் கணவருக்கும் சொன்னார். என் கணவர் அப்போது பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அதற்கு முதல், நாட்டில் இருந்த காலத்தில், திருகோணமலைக்கு வடக்கே ஒரு கடற்கரை ஹொட்டேலின் சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறியவர். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டார். நானும் கேட்பதில்லை.

நண்டுக்கறி நன்றாக வந்திருந்தது. என் தோழி இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, கடை எந்தப் பக்கம் பார்க்கும், மேசைகள் எங்கே வரும் என்று விரலால் மேசையில் கீறிக் காட்டினார். கணவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைக்கு ஆட்கள் எப்படி வருவார்கள் என்றார். ஹொட்டேலிலிருந்து நடந்து என்றார் தோழி. ஹொட்டேலுக்கு? விமானத்தில்.

"எத்தினை கொம்பனியின்ர விமானம்?"

"ஒண்டு. நாங்கள் சாப்பாடு கட்டுறதுதான்."

"அது வராமல் விட்டால்?"

"ஒவ்வொரு மாரியும் வருது. ஏன் வராமல் விடப்போகுது?"

"எங்களுக்கும் ஒவ்வொரு கோடையும் வந்தது" என்றார் கணவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது விசர் வேலை. இருக்கிற வேலையை விட்டிட்டுப் போகாதேங்கோ" என்றும் சொன்னார்.

தோழி கையைத் தட்டிலிருந்து எடுத்தார். கத்தவில்லை. "இஞ்ச மட்டும் என்ன? நாங்கள் நிக்கிற பெல்ட் ஆரின்ர விமானத்தை நம்பி ஓடுது?" என்று கேட்டார்.

சாப்பாடு முடிந்ததும் தோழி நன்றி சொல்லிப் போய்விட்டார். எனக்கு இரண்டு பேரிலும் எரிச்சல். கணவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுதும் பிறருடைய பாணில் பட்டர் வைத்த ஒரு மனுசி தன் கடையைக் கீறிக் காட்டுகிற நேரத்திலா அதைச் சொல்வது? பிறகு நான் ஏசியபோது, வேறு எந்த நேரத்தில் சொல்வது என்று கேட்டார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் தோழி வேலையை விட்டுத் தன் தீவுக்குப் போனார். நான் வறுத்து இடித்த கறித்தூளை அரிசி மா பையில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அந்த மாரி முழுதும் அவருடைய குரல் தொலைபேசியில் மகிழ்ச்சியாகவே வந்தது. கடற்கரையால் ஆட்கள் வருகிறார்கள், நண்டு போதாமல் போகிறது, தூள் முடியப் போகிறது, இன்னும் அனுப்பு என்பார். நான் பெல்ட்டில் நிற்கும்போது, இந்தத் தட்டில் சாப்பிடுகிறவன் நாளைக்கு அவருடைய மேசையிலும் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். குளிரறை வேலையில் அப்படி ஒரு நினைப்பு இருந்தது நல்லதாகத்தான் இருந்தது.

மறு வருடம் புயல் காலத்தில் ஒரு புயல் தீவை உரசிக்கொண்டு போனது. பெரிய அழிவு இல்லை, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தோழி சொன்னார். ஹொட்டேலின் ஒரு பக்கக் கூரையும் வரவேற்பு மண்டபமும் மட்டும் சேதம். திருத்திவிட்டு மாரிக்கு முதல் திறப்போம் என்று ஹொட்டேல்காரர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள்.

மாரி வந்தது. முதல் கிழமை நான் வேலைக்குப் போனபோது, அந்த விமானத்தின் வண்டிகளில் வேறொரு தீவின் பெயர் ஒட்டியிருந்தது. பிழையாக ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து எங்கள் சுப்பவைசரிடம் போய்ச் சொன்னேன். அவரும் தமிழர். கெட்ட மனிதர் அல்ல, அன்றைக்கு அவருக்கு ஆள் குறைவு.

"உது இனி அங்கதான் போகுது. பெரிய தீவு, ஹொட்டேல் மலிவாம். உங்களுக்கென்ன, தட்டு அதே தட்டுத்தானே" என்றார்.

உண்மைதான். அதே தட்டு, அதே கோழி, அதே பாண். திரும்பி வருவதற்கான சாப்பாடும் அதே மாதிரி உலர்பனிக்குள். என் கைகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அன்று முழுதும் அதை நினைத்து எனக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தீவை விட்டுவிட்டு இன்னொரு தீவுக்குப் போவதற்கு ரூர் கொம்பனிக்கு ஒரு ஒட்டுத்தாள் போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தோழிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. கூரை வேலை கொஞ்சம் பிந்துகிறது, தை பிறக்கத் திறந்துவிடுவார்கள் என்று ஹொட்டேலில் சொன்னதை எனக்குச் சொன்னார். நான் ஒட்டுத்தாளைப் பற்றிச் சொன்னேன். அது தற்காலிகமாக இருக்கும், நீ விசாரித்துச் சொல்லு என்றார்.

எங்கே விசாரிப்பது? ரூர் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால், காத்திருக்கச் சொல்லிப் பாட்டுத்தான் போட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அஜின்கோர்ட்டில் ஒரு கடைத்தொகுதிக்குள் இருந்த பயண முகவர் நிலையத்துக்குப் போனேன். விடுமுறைக்குப் போகிற ஆள் மாதிரி இருக்க நல்ல கோட் போட்டுக்கொண்டு போனேன். அங்கே இருந்த இளம்பெண் கொம்பனியின் புதுப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். நீலக் கடலும் வெள்ளை மணலும் பக்கம் பக்கமாகப் போனது. அந்தத் தீவு இல்லை.

நான் தீவின் பெயரைச் சொன்னேன். அவளுக்கு அது எங்கே என்று தெரியவில்லை. கணினியில் பார்த்துவிட்டு, இந்த வருடத் திட்டத்தில் அது இல்லை என்றாள். புயலில் அழிந்துபோயிற்றாக்கும் என்றாள். அழியவில்லை, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நான் நேற்றுத்தான் பேசினேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கட்டாயம் அங்கேதான் போகவேண்டுமென்றால் மயாமியில் இறங்கி, வேறு விமானம் ஏறி, ஒரு இரவு தங்கிப் போகலாம், அறையை நானே பார்த்துக்கொள்ளவேண்டும், செலவு இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்றாள். பிறகு மிகவும் அன்பாக மற்றத் தீவின் பக்கத்தை எனக்கு முன்னால் திருப்பி வைத்தாள்.

"அதைவிட இது நல்லம், அன்ரி. கடல் எல்லாம் ஒண்டுதானே."

அவள் தமிழ்ப் பிள்ளை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளோடு என்ன கோபிப்பது? அவள் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ரொறன்ரோவிலிருந்து பார்த்தால் கடல் எல்லாம் ஒன்றுதான். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றேன். யாரோடாவது சண்டை பிடிக்கவேண்டும் போல இருந்தது. யாரோடு என்றுதான் தெரியவில்லை. ஹொட்டேல்காரர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தோழிக்கே தெரியாது. ரூர் கொம்பனி பாட்டுப் போடுகிறது. தீவின் அரசாங்கம் அந்த ஹொட்டேலுக்கு வரியே இல்லாமல் நிலம் கொடுத்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறதாம்.

அன்று பின்னேரம் நான் தோழிக்குத் தொலைபேசியில் விசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கணவர் வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டினார். தோழியோடு அவர் பேசி ஒரு வருடத்துக்கு மேல். நான் தயங்கினேன். அப்போதே சொன்னேனே என்று சொல்லப்போகிறார் என்று பயம். அவர் அதைச் சொல்லவில்லை.

"ஹொட்டேல்காரர் சொல்லுறதை நம்பி நில்லாதேங்கோ. நாங்கள் நிண்டனாங்கள்" என்று தொடங்கினார்.

அவர் சொன்ன கதையை நானும் அன்றுதான் முதல் தரம் கேட்டேன். எண்பத்து மூன்று ஆடி மாதம். மண்டபம் நிரம்ப வெள்ளைக்காரர். தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கி ஒரு கிழமைக்குள் எல்லோரையும் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வருவார்கள், மண்டபத்தை ஆயத்தமாக வைத்திருங்கள் என்று மனேஜர் சொன்னார். ஒவ்வொரு நாளும் காலையில் இவர்கள் மேசைகளுக்குச் சீலை விரித்து, கரண்டி, முள்ளு, கிளாஸ் எல்லாம் ஒழுங்காக வைப்பார்கள். பின்னேரம் எடுத்து வைப்பார்கள். அடுத்த நாள் திரும்பவும் வைப்பார்கள். தோய்த்துத் தோய்த்துச் சீலைகள் மெலிந்துபோயின. கண்ணாடி அடி வைத்த வள்ளம் கட்டி வெள்ளைக்காரருக்கு மீன் காட்டப் போன பெடியள், ஆள் இல்லாமல் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டார்கள். வலையை எப்போதோ விற்றிருந்தார்கள்.

மறுமுனையில் தோழி எவ்வளவு காலம் என்று கேட்டிருப்பார் போல. "அடுத்த கோடை வரைக்கும். பிறகு சம்பளம் நிண்டிட்டுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உள்ளூர் ஆக்களைச் சாப்பிட விடக்கூடாது எண்டு கட்டளை. அவ்வளவு சாப்பாட்டையும் வைச்சுக்கொண்டு வாசலில காவலுக்கு ஆளை நிப்பாட்டி வைச்சிருந்தனாங்கள்" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "உங்கட கடைக்கு வாசல் எந்தப் பக்கம்?"

கடல் பக்கம்.

"றோட்டுப் பக்கம் ஒரு கதவு வெட்டுங்கோ. உங்கட ஆக்களுக்குச் சமையுங்கோ."

தோழி வெட்டினார். தம்பி சுவரை உடைத்துக் கதவு வைத்துக் கொடுத்தார். நண்டை விட்டுவிட்டு, சோறும் அவரையும் கருவாடும் என்று வீட்டில் சமைக்கிற சாப்பாட்டைச் சமைத்தார். ஆட்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஹொட்டேலில் வேலை செய்தவர்கள், ஹொட்டேலுக்கு ரக்ஸி ஓட்டியவர்கள், அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியர்கள். பிறகு தருகிறேன் என்று சாப்பிட்டார்கள். அவருக்கு மறுக்க முடியவில்லை. றோட்டுப் பக்கம் திறந்த கதவுக்கு வெளியில் நின்றதும் அதே ஹொட்டேல்தான். இதைக் கேட்டபோது என் கணவருக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிழையான ஆலோசனை சொல்லிவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை.

தை பிறந்தது, சித்திரை பிறந்தது, ஹொட்டேல் திறக்கவில்லை. தம்பி ரக்ஸியை விற்றுவிட்டு, விமானம் இப்போது போகிற அந்தப் பெரிய தீவுக்கே போய் அங்கே ஒரு ஹொட்டேலில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். அடுத்த வைகாசியில் தோழி கடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பினார். நானும் கணவரும் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தோம். எங்கள் வரவேற்பறைச் சோபாவில் அந்தக் கோடை முழுதும் படுத்தார்.

குசினியில் அவருடைய பழைய இடம் இல்லை. வேலையை விட்டுப் போனவர் திரும்பினால் புது ஆள்தான் என்றார் சுப்பவைசர். அத்தனை வருடச் சீனியோரிட்டியும் போய், கடைசி ஆளாக வந்து, பெல்ட்டின் கடைசியில் நின்றார். அதுவும் நிலைக்கவில்லை. எங்களுக்கு அதிகம் வேலை தந்த விமானக் கொம்பனி ஒன்று செலவைக் குறைக்கிறது என்று சூடான சாப்பாட்டை நிறுத்தியது. ஒரு பெல்ட்டை மூடினார்கள். கடைசியாக வந்தவர்கள் முதலில் போனார்கள். அவர் போனார், சில மாதங்களில் நானும் போனேன். பெல்ட் ஆரின்ர விமானத்தை நம்பி ஓடுது என்று அன்றைக்கு எங்கள் மேசையில் இருந்து அவர் கணவரைக் கேட்டதை எங்கள் மூவரில் ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை.

கணவர் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டு அலைந்தார். கடைசியில் அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் தோழிக்கு வேலை கிடைத்தது. வயதானவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள், மூன்று நேரமும் சாப்பிடுவார்கள், நல்ல இடம் என்று கணவர் சொன்னார். தோழி அந்த வேலையிலேயே நின்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹொட்டேல் திறந்தது. வேறு பெயர், வேறு முதலாளிகள். இந்த முறை கடற்கரையோடு சேர்த்துச் சுற்றிவர மதில் கட்டிவிட்டார்களாம். விருந்தினர் வெளியில் வரத் தேவையில்லாதபடி எல்லாம் உள்ளேயே. தாயின் செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிய தோழி ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் இருந்து இதைச் சொன்னார். தங்கையை மீண்டும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், இப்போது அறை துப்புரவாக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக. சீருடை போட்டுக் காட்டினாராம். ஊர் முழுக்கச் சந்தோசம். கடையைப் பூட்டிவிட்டார்கள்.

"அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? போகாதை எண்டோ?" என்று தோழி கேட்டார்.

நான் கணவரைப் பார்த்தேன். இந்த விசயத்தில் எப்போதும் சொல்ல ஏதாவது வைத்திருக்கிறவர். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழமைக்குக் கிழமை சம்பளம் குடுக்கினமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப போகத்தானே வேணும்" என்றார். நான் தோழியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.